வாசகர் கேள்வி – பதில்: போராட்ட நாவலைப் போராடியவர்களிடம் கொண்டுபோவது

கேள்வி: 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தை வைத்து நாவல் எழுதி முடித்திருக்கிறேன். அச்சுக்குப் போகும் முன்பே எங்கள் சங்கக் கிளைக் கூட்டத்தில் அறிமுகப்படுத்தப் பத்து நிமிடம் தருகிறார்கள். வருபவர்கள் எல்லாருமே நம் கருத்துக்காரர்கள்தான். என்ன பேசலாம்?
– ஒரு வாசகர், பொன்மலை

பதில்: வேலைநிறுத்தம் ஏன் வந்தது என்று தொடங்காதீர்கள். போனஸ், ரன்னிங் ஸ்டாஃபுக்கு (ஓடும் வண்டியில் வேலை பார்ப்பவர்களுக்கு) எட்டு மணி நேர வேலை, பொதுத்துறைக்கு இணையான சம்பளம் என்று கோரிக்கைகள் எல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மனப்பாடம். மே 8-ல் தொடங்கியதும் மே 27-ல் திரும்பப் பெற்றதும் அவர்கள் சொல்லி நீங்கள் கேட்க வேண்டிய விஷயம். ஏற்கெனவே உடன்பட்டவரிடம் அதே கருத்தைச் சொன்னால், "நல்ல முயற்சி தோழர்" என்று கைகொடுத்துவிட்டு, புத்தகம் வந்ததும் சங்கத்துக்காக ஒரு பிரதி வாங்குவார். படிக்கமாட்டார். அவருக்குத் தெரியாதது உங்கள் கதைமாந்தர் மட்டும்தான். அவர்களை முன்னால் நிறுத்துங்கள்.

முதல் இரண்டு நிமிடம்: முக்கியப் பாத்திரம் யார், என்ன வேலை, வேலைநிறுத்தத்தில் இறங்கினால் அவருக்கு என்ன போகும். இதற்கு மேல் கதைச்சுருக்கம் வேண்டாம். அடுத்த ஆறு நிமிடம் வாசிப்பு. கூட்டத்தில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல்தான் போகும்; எனவே அறுநூறு சொல் போதும், நாவல்கள் வழக்கமாக வரும் டெமி அளவுப் புத்தகத்தில் சுமார் மூன்று பக்கம். மீதி இரண்டு நிமிடத்தைக் கேள்விக்கு விடுங்கள்.

எதை வாசிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வாயிற்கூட்டம், ஊர்வலம், தலைவர் உரை வரும் அத்தியாயத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அசல் உரைகளைக் கேட்ட காதுகளுக்கு அது நகலாகத்தான் படும். ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்களை வெளியேற்றினார்களே, அதை எடுங்கள். கணவர் தலைமறைவு. வாசலில் போலீஸ். அடுப்பில் உலை கொதிக்கிறது. அதை இறக்குவதா, டிரங்குப் பெட்டியை இழுப்பதா, தூங்கும் பிள்ளையை எழுப்புவதா என்று அவள் ஒரு நொடி நிற்கிறாள். இந்த மாதிரி ஒரு பக்கம் கேட்டவர் மிச்சத்தைத் தேடிப் படிப்பார். அவள் எங்கே போய்ச் சேர்ந்தாள் என்பதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

வாசிப்புக்கென்று தனிப் பிரதி தயார் செய்யுங்கள்: 14 புள்ளி எழுத்து, தாளின் ஒரு பக்கம் மட்டும். அச்சில் கண் பிடித்துக்கொள்ளும் உரையாடலைக் காது பிடிக்காது. யார் பேசுகிறார் என்பதைத் தேவையான இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று பெயருக்கு மேல் வந்தால் கேட்பவர் தவறவிடுவார்.

கேள்வி: பழைய தொழிலாளர்கள் தகவல் பிழை கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– அதே வாசகர்

பதில்: கண்டுபிடிப்பார்கள். அதை அச்சுக்கு முன்பே நடத்திவிடுங்கள். அன்று இருபத்தைந்து வயதில் இருந்தவருக்கு இன்று எழுபத்தைந்து தாண்டிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள். லோகோ ஷெட்டில் (எஞ்சின் கொட்டகையில்) இருந்தவர் ஒருவர், பணிமனையில் இருந்தவர் ஒருவர் என இருவரிடம் கொடுங்கள். ஒருவர் பார்வைக்குத் தப்புவது மற்றவரிடம் மாட்டும். கதை எப்படி என்று கேட்காமல், வேலை, ஷிப்டு, வண்டி, இடம் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய சம்பவங்களில் பிழை அதிகம் வராது. போகிறபோக்கில் எழுதிய வரியில்தான் வரும். 1974-ல் பாத்திரத்தை வைகை எக்ஸ்பிரஸில் ஏற்றினால் தீர்ந்தது: அந்த வண்டி ஓடத் தொடங்கியது 1977 ஆகஸ்ட் 15-ல். 1974-ல் கரூரும் பெரம்பலூரும் திருச்சி மாவட்டத்துக்குள்தான். புதுக்கோட்டை மட்டும் அந்த ஆண்டு ஜனவரியில் தனி மாவட்டமாகிவிட்டது. ரயில்வேக்காரர் இப்படி ஒரு வரியில் தடுக்கினால், மற்ற இருநூறு பக்கத்தையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

கேள்வி: நானும் அதே வேலைநிறுத்தத்தைத்தான் எழுதியிருக்கிறேன். என் நாவலில் ஒரு சங்கக் கிளைச் செயலாளர் பயந்து வேலைக்குத் திரும்புகிறார். "நம் ஆட்களை நாமே தாழ்த்தலாமா?" என்கிறார்கள் தோழர்கள். மாற்றட்டுமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: மாற்றாதீர்கள். இந்தியப் பாதுகாப்பு விதிகள், விசாரணையின்றிச் சிறையில் வைக்கும் மிசா சட்டம், பணிநீக்கம், வீடு பறிப்பு என்று எல்லாப் பக்கமும் நெருக்கிய நேரத்தில் ஒருவர்கூடப் பயப்படவில்லை என்றால், கடைசிவரை நின்றவர்களின் உறுதிக்கு அந்த நாவலில் எடையே இருக்காது. ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள்: அவர் திரும்பும் காரணம் கதையில் எழுதப்பட்டிருக்கிறதா? வீட்டில் அரிசி தீர்ந்ததையோ மகளின் கல்யாணத் தேதியையோ காட்டாமல் "பயந்தார்" என்று மட்டும் எழுதியிருந்தால் தோழர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கூட்டத்தில் அந்த அத்தியாயத்தை மட்டும் பிரித்து வாசிக்கவும் வேண்டாம். முன்பின் தெரியாமல் கேட்டால் அது குற்றச்சாட்டாகத்தான் விழும்.

கேள்வி: உண்மையான தலைவர்கள் பெயரையே வைக்கலாமா? "யாவும் கற்பனை" என்று போட்டால் போதாதா?
– வாசகர், மதுரை

பதில்: அந்த வரி மட்டும் காப்பாற்றாது. பெயரை மாற்றினாலும் ஊர், பதவி, உருவம் வைத்து ஆள் யாரென்று தெரிந்தால் அவதூறு வழக்குக்கு இடம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 356-ஆம் பிரிவு. இறந்தவரைப் பற்றியதும், குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதியதாக இருந்தால், அதில் அடங்கும். எனவே பொது வாழ்க்கைத் தலைவர்களை அவர்கள் பகிரங்கமாகச் செய்த செயல்களோடு மட்டும் வரவிடுங்கள். 1974 வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸ் லக்னோவில் கைதான செய்தி உங்கள் பாத்திரத்தின் காதில் விழலாம். அவர் தனியறையில் பேசியதாக வசனம் எழுத வேண்டாம். பணம் வாங்கினார், காட்டிக்கொடுத்தார் என்பதையெல்லாம் பல ஆட்களின் சாயல் கலந்த கற்பனைப் பாத்திரத்துக்குக் கொடுங்கள். சந்தேகமான பக்கங்களை மட்டும் பிரதி எடுத்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சங்க வாட்ஸ்அப் குழுவில் நாவலின் முழு பிடிஎஃப் போடச் சொல்கிறார்கள்.
– வாசகர், சேலம்

பதில்: ஓர் அத்தியாயம் மட்டும் போடுங்கள், முதல் அத்தியாயமாக இருக்க வேண்டியதில்லை. கடைசியில் விலையும் கிடைக்கும் இடமும் இருக்கட்டும். கூட்டத்தில் விற்பதாக இருந்தால் விலையை 190 என்று வைக்காமல் 200 என்று வையுங்கள். சில்லறை தேடும் நேரத்தில் ஆள் நகர்ந்துவிடுவார். நீங்களே பதிப்பாளர் என்றால், வெளியான 30 நாளுக்குள் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்புவதும் உங்கள் பொறுப்பு.