தாம்பரத்து டாக்டரா, தாம்பரத்திலிருந்து போனா?

கேள்வி: ‘ஷீ கால்டு த டாக்டர் ஃப்ரம் தாம்பரம்’ என்ற வாக்கியத்தில் ‘ஃப்ரம் தாம்பரம்’ டாக்டரைச் சேர்ந்தது என்கிறார் என் மகளின் டியூஷன் டீச்சர். ‘கால்டு’ என்ற வினையைச் சேர்ந்தது என்று கைடில் இருக்கிறது. எது சரி?
– ஒரு வாசகி, வில்லிவாக்கம்

பதில்: இரண்டுமே சரி. மகளிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள், பாவம், தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்திருப்பாள். முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று தெரியாமல் அந்த ஒற்றை வரியை மட்டும் கொடுத்து ஒரே விடை கேட்பது நியாயமே இல்லை.

நாம் தமிழில் பேசும்போது இந்தக் குழப்பம் பெரும்பாலும் வருவதில்லை. ‘தாம்பரத்து டாக்டருக்குப் போன் செய்தாள்’ என்றால் டாக்டரின் ஊர் தாம்பரம். ‘தாம்பரத்திலிருந்து டாக்டருக்குப் போன் செய்தாள்’ என்றால் தாம்பரத்தில் இருந்தது அவள். சொல்லின் கடைசியிலேயே நமக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது, ஆங்கிலத்திலோ இரண்டு வேலைக்கும் அதே ‘ஃப்ரம்’தான், மாற்றமே இல்லாமல் வந்து நிற்கும்.

அதனால் தமிழையே உரைகல்லாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ‘த புக் ஆன் த டேபிள் இஸ் மைன்’ என்பதை ‘மேசை மேல் புத்தகம் என்னுடையது’ என்று நாம் சொல்ல மாட்டோம், ‘மேசை மேல் இருக்கும் புத்தகம்’ என்போம். இப்படி ‘இருக்கும்’, ‘உள்ள’ என்று ஒன்று தானாக நுழைந்தால் அந்தத் தொடர் பெயரோடு சேர்ந்தது. ‘ஐ கெப்ட் த புக் ஆன் த டேபிள்’ என்பதைப் பாருங்கள், ‘புத்தகத்தை மேசை மேல் வைத்தேன்’, அவ்வளவுதான், நடுவில் எதுவும் வேண்டாம். அது வினையோடு போகிறது.

இன்னொரு வழியும் உண்டு. டாக்டரை எடுத்துவிட்டு ‘ஹிம்’ போட்டுப் பாருங்கள்: ‘ஷீ கால்டு ஹிம் ஃப்ரம் தாம்பரம்’. இப்போது போன் தாம்பரத்திலிருந்து போனது என்ற பொருள் மட்டும்தான் மிஞ்சும், டாக்டரின் ஊர் என்ற பொருள் போயே போய்விட்டது. சொந்தமாக எழுதும்போது குழப்பம் வேண்டாமா? போன் தாம்பரத்திலிருந்து போனது என்றால் ‘ஃப்ரம் தாம்பரம்’ என்பதை வாக்கியத்தின் முன்னால் கொண்டுபோகலாம், டாக்டரின் ஊர்தான் தாம்பரம் என்றால் ‘த டாக்டர் ஹூ லிவ்ஸ் இன் தாம்பரம்’ என்று உடைத்தே எழுதலாம்.

அப்புறம், பரீட்சையில் மார்க் போகிற இடம் ஒன்று இருக்கிறது. ‘த பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ்’ என்று வந்தால் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் மாம்பழங்களைப் பார்த்து ‘ஆர்’ போட்டுவிடுகிறார்கள். ‘ஆஃப் மேங்கோஸ்’ பெட்டியை விளக்க வந்த தொடர், எழுவாய் பெட்டிதான், ஆகவே ‘இஸ்’. அந்தத் தொடரை விரலால் மறைத்துக்கொண்டு மீதியைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.