வெண்ணிலாவின் புள்ளி

வணக்கம் அக்கா,

நாத்தனார் மகளுக்கு அடுத்த மாதம் காதுகுத்து. குழந்தை பெயர் வெண்ணிலா. அவளுக்கு டர்க்கி டவலில் பெயர் போட்டுக் கொடுக்க ஆசை. வருகிறவர்களுக்குச் சின்னக் கைத்துண்டு. என்னிடம் இருப்பது வீட்டு எம்பிராய்டரி மெஷின், துணியை இறுக்கும் ஹூப் 10 செ.மீ. மெஷினில் தமிழ் எழுத்து கிடையாது. பெயரைப் படமாக்கி, படத்தைத் தானாகத் தையலாக மாற்றும் ஆட்டோ டிஜிட்டைசிங்கில் போட்டுத் தைத்தேன். ண எல்லாம் அடைத்துக்கொண்டது, புள்ளியைக் காணோம். படம் இணைத்திருக்கிறேன். "தமிழ் எழுத்து எம்பிராய்டரிக்கு ஒத்துவராது, இங்கிலீஷில் போடு" என்கிறார் கற்றுத்தந்தவர். பின்பக்கம் ப்ளவுஸ் கழுத்துக்கு வைக்கும் கேன்வாஸ் வைத்தேன். ரேயான் நூல் நல்லதா, பாலியஸ்டரா? சீர்த்தட்டில் போயும் போயும் துண்டா என்று வீட்டில் வேறு பேச்சு.

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள தங்கைக்கு,

பாலியஸ்டர், 40 நம்பர். துண்டு வெந்நீரையும் ப்ளீச்சையும் பார்க்கும், ரேயான் அதற்குத் தாங்காது. பாபினில் 60 நம்பர் வெள்ளை. சீர்த்தட்டுப் பேச்சை விடுங்கள். தாய்மாமன் தோடு போடட்டும், அத்தை துண்டு தைக்கட்டும், தட்டில் இரண்டுக்கும் இடமிருக்கிறது.

படத்தைப் பார்த்தேன். "வெணணிலா" என்று இருக்கிறது. இதற்குத் தமிழ் எழுத்தின் மேல் பழி போட்டவருக்கு என் சார்பில் ஒன்று சொல்லுங்கள்: அதே வழியில் ஆங்கிலத்தின் சின்ன ஏ-யையும் ஈ-யையும் அதே அளவில் போட்டுப் பார்க்கட்டும், அவற்றின் வயிறும் அடைத்துக்கொள்ளும். ஓலையில் எழுதியவர்கள் எழுத்தாணி குத்தி ஓலை கிழியுமே என்று பெரும்பாலும் புள்ளி வைக்காமல் விட்டார்கள். அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. ஆட்டோ டிஜிட்டைசிங்குக்கு என்ன காரணம்? அதற்கு எழுத்தே தெரியாது, நிறமடித்த திட்டு மட்டும்தான் தெரியும். பெரிய திட்டை, வரிவரியாகப் பரப்பும் ஃபில் தையலால் நிரப்பும். சின்னத் திட்டைத் தூசு என்று தள்ளிவிடும். உங்கள் புள்ளி போனது அங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். 10 செ.மீ. ஹூப்பில் வெண்ணிலாவை ஒரே வரியில் அடக்கினால் எழுத்தின் உயரம் ஏறக்குறைய 13 மி.மீ.தான் வரும். கோடு போக ண-வின் சுழிக்குள் மிஞ்சுவது 2 மி.மீ. இடம். கோட்டின் குறுக்கே நெருக்கமாகப் போகும் சாட்டின் தையல் துணியை இழுக்கும், கோடு மெலியும். அதைச் சரிக்கட்டப் பக்கத்துக்கு 0.2 அல்லது 0.3 மி.மீ. அகலம் கூட்டித்தான் ஆகவேண்டும், அதுவும் அந்த 2 மி.மீ.யிலிருந்தே போகும். மீதியை டர்க்கியின் நூல் வளையங்கள் நிரப்பிவிடும். பிறகு எங்கிருந்து சுழி தெரியும்? அதே ஹூப்பில் "வெண்" மேலே, "ணிலா" கீழே என்று இரண்டு வரியாக வையுங்கள், எழுத்து 20 மி.மீ.யைத் தாண்டும். கைத்துண்டுக்கு "நிலா" போதும், அதில் ண-வும் இல்லை, புள்ளியும் இல்லை.

எழுத்தை நீங்களே வரையுங்கள். கணினியில் வரைய இன்க்ஸ்கேப், வரைந்ததைத் தையலாக்க அதனுடன் சேரும் இங்க்ஸ்டிட்ச், இரண்டும் இலவசம். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி, கோடு ஏறக்குறைய ஒரே தடிமனாக இருக்கும் எழுத்துருவில் பெயரை அடித்து, நகராதபடி அடியில் பூட்டி வையுங்கள். அதன்மேல், பேனாவால் எழுதும் அதே வரிசையில், நடுக்கோட்டை மட்டும் இழுங்கள். கோட்டுக்கு 2 மி.மீ. தடிமன் கொடுத்து, கோட்டைச் சாட்டினாக மாற்றும் கட்டளையைத் தட்டுங்கள். தையல் இடைவெளி 0.4 மி.மீ. அடித்தையலாக நடுவில் ஓர் ஓட்டம், அதன்மேல் ஒரு ஜிக்ஜாக். சுழி தன்னையே கடக்கும் இடத்தில் மேலே வரும் கோட்டுக்கு மட்டும் அடித்தையலை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நான்கைந்து அடுக்கு நூல் ஒரே இடத்தில் குவிந்து ஊசி முறியும். இறுக்கமான வளைவின் உள்பக்கத்தில் தையல்கள் நெருக்கியடிக்கும், அங்கே ஒன்றுவிட்டு ஒன்றைக் குட்டையாக்கும் வசதியை வையுங்கள்.

புள்ளிக்கு வருவோம். துண்டில் அதன் குறுக்களவு 3 மி.மீ.க்குக் குறையவே கூடாது. ஃபில் வேண்டாம், ஒரே திசையில் போகும் சாட்டின். ஆரம்பத்திலும் முடிவிலும் போடும் முடிச்சுத் தையல்கள் இவ்வளவு சின்ன இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கொட்டை மாதிரி ஆகிவிடும். ஆகவே தொடக்கத்தை ஓரத்தில் வையுங்கள், முடிவை எதிர் ஓரத்தில். ண முடிந்தவுடன் அதன் புள்ளி, பிறகுதான் ணி. எல்லாப் புள்ளியையும் கடைசியில் சேர்த்துப் போட்டால் அதற்குள் துணி நகர்ந்து, புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் உட்காரும். ஓர் எழுத்திலிருந்து அடுத்ததற்குத் தாண்டும் நூலை வளைந்த கத்தரியால் கையாலேயே வெட்டுங்கள்.

கேன்வாஸுக்குத்தான் உங்களைத் திட்ட வேண்டும். பச்சைக் குழந்தை முகம் துடைக்கும் துண்டுக்குப் பின்னால் விறைத்த கேன்வாஸ்! முதல் சலவையில் அது சுருங்கி எழுத்தையும் இழுத்துக்கொண்டு போகும். துணியைப் பின்னாலிருந்து தாங்க, தண்ணீரில் கரையும் பேக்கிங், இல்லையென்றால் கிழித்தெடுக்கும் பேப்பர் வாங்குங்கள். ஹூப்பில் பேக்கிங்கை மட்டும் இறுக்குங்கள், துண்டை அதன்மேல் தற்காலிகப் பசை ஸ்ப்ரேயால் ஒட்டி, சுற்றிலும் பெரிய ஓட்டுத்தையல் ஒரு சதுரம். துண்டையே ஹூப்பில் இறுக்கினால் வளையங்கள் நசுங்கித் தடம் விழும். துண்டின் மேல் கரையும் பிலிம் ஒரு தாள். அது அலசினால் போய்விடும், பிறகு வளையங்கள் எழுத்துக்குள் எட்டிப் பார்க்கும். அதனால் எழுத்துக்கு அடியில், சுற்றிலும் 3 மி.மீ. வெளியே வருமாறு, துண்டின் நிறத்திலேயே 1.5 மி.மீ. இடைவெளியில் ஒரு வலைத்தையலை முதலில் போட்டு வளையங்களைப் படுக்க வையுங்கள். ஊசி 75/11. வேகம் நிமிடத்துக்கு 400 தையல் போதும். ஜரி நூல் வேண்டவே வேண்டாம், கன்னத்தைக் கீறும்.

புதுத் துண்டுகள் எல்லாவற்றையும் முதலில் துவைத்துக் காயவையுங்கள். பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் நூல் சுருங்காது. தைத்தபிறகு துவைத்தால் பெயரைச் சுற்றிச் சுருக்கம் விழும்.

கெட்டுப்போன துண்டில் தையலைப் பிரிக்க முயலாதீர்கள், வளையங்களும் சேர்ந்து உருவிக்கொண்டு வரும். அதன் மறுமுனை சும்மாதானே இருக்கிறது? புது எழுத்தை முதலில் அங்கே தைத்து, ஒரு முறை அலசி உலர்த்தி, சுழிக்குள் துணி தெரிகிறதா, புள்ளி நிற்கிறதா என்று பாருங்கள் கண்ணு. அதற்குப் பிறகு நல்ல துண்டைத் தொட்டால் போதும்.