இரண்டாம் வகுப்பு நோட்டைக் கேட்டு வாங்குங்கள்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு. வீட்டுப் பக்கத்தில் பழைய பள்ளி ஒன்று, ஏழு கிலோமீட்டர் தள்ளி ஏ.சி. வகுப்பறையோடு ‘இன்டர்நேஷனல்’ பள்ளி ஒன்று. எது தரமானது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்டர்நேஷனலில் சீட் வாங்கித் தர ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்காதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவு, சேர்க்கைக்கு நன்கொடை வாங்கக் கூடாது என்கிறது. வாங்கினால் அந்தத் தொகையைப்போல் பத்து மடங்கு வரை அபராதம். குழந்தையையோ பெற்றோரையோ இன்டர்வியூ வைத்து வடிகட்டுவதும் குற்றம்தான். சரி, ரசீது இல்லாமல் கைமாறிய பணத்தை எதைக் காட்டிப் புகார் செய்வீர்கள்? இது புரோக்கருக்கும் நன்றாகத் தெரியும். பல சமயம் அவர் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடுவதில்லை. சீட் தானாகக் கிடைத்தால் “நான் சொல்லி வைத்தேன்” என்பார். கிடைக்காவிட்டால் போனை எடுக்க மாட்டார்.

‘இன்டர்நேஷனல்’ என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம், அது வெறும் பெயர். ‘சி.பி.எஸ்.இ.’ என்று பலகை இருந்தால் அஃபிலியேஷன் எண்ணை, அதாவது அந்த வாரியம் பள்ளியை இணைத்துக்கொண்டு கொடுத்த எண்ணை, கேளுங்கள். ஒரே பெயரில் நான்கைந்து கிளை நடத்துகிறவர்கள் ஒரு கிளையின் எண்ணை இன்னொரு கிளையில் காட்டுவதுண்டு. அதனால் எண்ணோடு முகவரியையும் வாரியத்தின் இணையதளத்தில் ஒத்துப் பாருங்கள். யூடைஸ் எண்ணும் கேளுங்கள், நாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு கொடுக்கும் அடையாள எண் அது: 11 இலக்கம், கர்நாடகத்தில் 29 என்று தொடங்கும். அதை யூடைஸ் இணையதளத்தில் போட்டால் பிள்ளைகள் எத்தனை, ஆசிரியர்கள் எத்தனை என்று தெரியும். பள்ளிக்கூடமே நிரப்பிக் கொடுக்கும் கணக்குதான், கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள். ஒரு பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்க நான் கல்வி அலுவலகத்துக்கு மூன்று நடை நடந்திருக்கிறேன். மூன்று முறையும் “சார் மீட்டிங்கில் இருக்கிறார்”.

இதெல்லாம் காகிதம். படிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரியில் போய், இரண்டாம் வகுப்பு நோட்டு நாலைந்து கேளுங்கள். ‘என் அம்மா’ என்று எழுதச் சொன்ன மாதிரி ஒரு பக்கத்தைப் புரட்டுங்கள். எல்லா நோட்டிலும் அதே ஐந்து வாக்கியம், பிழையே இல்லாமல் இருந்தால் போர்டைப் பார்த்து எழுதியவை. ஏழு வயதுப் பிள்ளை தானாக எழுதினால் பிழை வரத்தான் வேண்டும். அந்தப் பிழையில் டீச்சர் கை பட்டிருக்க வேண்டும், பத்துப் பக்கம் தள்ளி அது திருந்தியும் இருக்க வேண்டும். வெறும் டிக் மட்டும் வரிசையாக இருந்தால் டீச்சர் படிக்கவில்லை, அல்லது அவருக்குப் படிக்க நேரமில்லை. தொடக்க வகுப்பில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டக் கணக்கு. 45 பேரை ஏ.சி. அறையில் அடைத்தாலும் 45தான். அப்புறம், அந்த டீச்சர் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். வருஷத்துக்கு ஓர் ஆள் மாறும் பள்ளி, சம்பளத்தில் மிச்சம் பிடிக்கிற பள்ளி.

ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பு உட்கார்ந்திருந்தால் விலகிவிடுங்கள் என்று சொல்வேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு. கர்நாடக அரசுப் பள்ளிகளில் ‘நலி கலி’ என்று ஒரு முறை இருக்கிறது. மகிழ்ந்துகொண்டே கற்றுக்கொள் என்று பொருள். 1995இல் மைசூர் மாவட்டம் எச்.டி. கோட்டையில் தொடங்கியது. அங்கே ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வேண்டுமென்றே கலந்து உட்காருவார்கள். அட்டைகளை வைத்து அவரவர் வேகத்தில் படிப்படியாக ஏறுவார்கள். ஆகவே அரசுப் பள்ளி ஒன்றையும் பார்க்கப் போனால், கலந்து உட்கார்ந்திருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அட்டைகள் பிள்ளைகள் கையில் அழுக்கேறியிருக்கின்றனவா, பீரோவில் புதிதாகத் தூங்குகின்றனவா என்று பாருங்கள். கையில் இருந்தால் அது கற்பிக்கும் முறை. பீரோவில் இருந்தால் ஆள் பற்றாக்குறை.

கன்னடப் பாடம் எந்தப் பள்ளியிலும் வரும், அது கர்நாடகத்தின் 2015 சட்டம். அதை நினைத்துப் பள்ளியை மாற்ற வேண்டாம்.

அந்த ஏழு கிலோமீட்டரை ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, பள்ளி வேனுக்குப் பின்னாலேயே போய், கடிகாரம் பார்த்து அளந்து வாருங்கள்.