ஒரே நாளில் பிராக்: டிராமில் ஏறுங்கள், நடந்து இறங்குங்கள்

கேள்வி: ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் முதுநிலை படிக்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை ரயிலில் பிராக் போய், ஊர் சுற்றிவிட்டு இரவே திரும்ப நினைக்கிறேன். இதற்குத் தனி விசா வேண்டுமா? ஒரு நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பதில்: முதலில் விசா. ஜெர்மனி தந்த குடியிருப்பு அட்டை செல்லுபடியாக இருந்தால் தனி விசா தேவையில்லை. பிராக் இருக்கும் செக் நாடும் ஜெர்மனியைப் போல ஷெங்கன் என்ற பொது விசாப் பகுதியில்தான் இருக்கிறது. ஆனால் அட்டை, பாஸ்போர்ட் இரண்டையும் அசலாகவே எடுத்துப்போங்கள். திரும்பும்போது ஜெர்மன் போலீஸார் ரயிலில் ஏறிக் கேட்பது உண்டு; போனில் உள்ள படத்தைக் காட்டிச் சமாளிக்க முடியாது. அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுத் தற்காலிகச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர்கள், வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்காமல் எல்லையைத் தாண்ட வேண்டாம்.

ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். போகும்போது இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். எல்பே ஆறும் மணற்பாறைக் குன்றுகளும் அந்தப் பக்கம்தான். சலுகை விலை டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். அதனால் திரும்பும் ரயிலைக் கொஞ்சம் தாமதமாகவே எடுங்கள்.

சனிக்கிழமைதான் போக வேண்டுமா என்று யோசியுங்கள். அன்று யூத அருங்காட்சியகமும் அதைச் சேர்ந்த பழைய கல்லறைத் தோட்டமும் மூடியிருக்கும். ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால் பிராக் கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் தேவாலயத்துக்குள் மதியத்துக்குமேல்தான் விடுவார்கள். வகுப்பில்லாத வாரநாள் ஒன்று கிடைத்தால் நல்லது. பல உணவகங்களில் ‘டென்னி மெனு’ என்ற மலிவான மதியச் சாப்பாடு வாரநாட்களில்தான் போடுகிறார்கள்.

பலரும் ரயில் நிலையத்தில் இறங்கியதும் பழைய நகரச் சதுக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அப்புறம் மதிய வெயிலில், கால் ஓய்ந்த பிறகு கோட்டைக்கு ஏற வேண்டியிருக்கிறது. நான் இதை மாற்றிச் செய்யச் சொல்வேன். ரயில் நிலையத்திலேயே மெட்ரோ பிடித்து, மூசேயம் நிலையத்தில் மாறி, மாலொஸ்திரான்ஸ்காவில் இறங்குங்கள். அங்கிருந்து 22ஆம் எண் டிராம் உங்களைப் போஹொர்ஷெலெட்ஸ் வரை ஏற்றிவிடும். ஸ்ட்ராஹோவ் மடத்தின் கீழே நின்று பார்த்தால் நகரம் முழுவதும் சிவப்புக் கூரைகளாக விரிந்து கிடக்கும். அதற்குமேல் நாள் முழுவதும் இறக்கம்தான்.

காகித டிக்கெட் வாங்கினால் மஞ்சள் பெட்டியில் செருகி நேர முத்திரை குத்த மறக்காதீர்கள். சாதாரண உடையில் பரிசோதகர்கள் வருவார்கள். முத்திரை இல்லாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை.

கோட்டை முற்றங்களில் நடக்கக் கட்டணம் இல்லை. உள்ளே போய்ப் பார்க்க ஒரே ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், விட்டஸ் தேவாலயத்தையே சொல்வேன். 1344இல் தொடங்கிய வேலை முடிந்தது 1929இல்தான். டிக்கெட்டில் மாணவர் சலுகை உண்டு, அடையாள அட்டையைக் காட்டுங்கள். மற்ற உள்ளரங்குகளை மனம் தளராமல் விட்டுவிடுங்கள். ஒரு நாளில் நான்கு டிக்கெட் வாங்கினால் வரிசையில் நின்றதுதான் நினைவிருக்கும்.

பழைய கோட்டைப் படிக்கட்டு வழியே இறங்கி, ஆற்றையொட்டி நடந்தால் சார்லஸ் பாலம். 1357இல் கட்டத் தொடங்கிய பாலம் இது, இரு பக்கமும் சேர்த்து முப்பது சிலைகள். அதைக் கடந்து பழைய நகர மண்டபத்துக்குப் போகும்போது, மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்னதாகவே சேர்ந்துவிடுங்கள். அங்கே 1410இலிருந்து இருக்கும் வானியல் கடிகாரத்தில் எலும்புக்கூடு ஒன்று கயிற்றை இழுத்து மணியடிக்கும். மேலே இரண்டு சிறு ஜன்னல்கள் திறந்து அப்போஸ்தலர்கள் வரிசையாகக் கடப்பார்கள். கடைசியில் பொன்னிறச் சேவல் கூவும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் அத்தனை பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள்; ஜேப்படிக்காரர்களுக்கு அதுதான் நேரம். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட் உள்பையில் இருக்கட்டும்.

பணம் செக் கொருனா. சில கடைகளில் யூரோ வாங்குவார்கள், ஆனால் விகிதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. கார்டில் கட்டும்போது யூரோவா கொருனாவா என்று இயந்திரம் கேட்டால் கொருனாவையே அழுத்துங்கள். கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும்; அதற்காகக் கொஞ்சம் மாற்றினால் போதும். மாற்றிய இடத்தில் ஏமாந்ததாகத் தோன்றினால் ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போங்கள். 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை ரத்து செய்யச் சட்டம் இடம் தருகிறது.