இரவு விளக்கொளியில் விளையாட்டுப் படங்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் ஊர் மைதானத்தில் இரவு விளக்குகளின் கீழ் நடக்கும் கால்பந்து ஆட்டங்களில் என் மகன் ஆடுகிறான். 55–250 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறேன். ஒளியைப் பெருக்கிக் காட்டும் ஐ.எஸ்.ஓ. எண் 1600-ஐத் தாண்டினால் படம் கெட்டுவிடும் என்று நண்பர்கள் சொன்னதால் அதற்கு மேல் போவதில்லை. ஷட்டர் வேகம் 1/250 வினாடி. படங்கள் இருண்டு வருகின்றன. கணினியில் வெளிச்சத்தைக் கூட்டினால், மணலைத் தூவியதுபோலச் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் கிளம்புகின்றன. என்ன செய்வது?
— வாசகி, திரியோலே

பதில்: உங்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையில்தான் கோளாறு இருக்கிறது, சகோதரி. புள்ளிகளை உண்டாக்குவது ஐ.எஸ்.ஓ. எண் அல்ல, வெளிச்சப் பற்றாக்குறை. முற்றத்தில் இரண்டு பாத்திரங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். அடைமழையில் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு நீர் சேரும். நாலு தூறல் விழுந்து நின்றுவிட்டால் ஒன்றில் மூன்று துளியும் மற்றொன்றில் ஏழு துளியும் கிடக்கும். ஒளியும் இப்படித் துளித்துளியாகத்தான் கேமராவுக்குள் படத்தைப் பதியும் உணரியில் வந்து விழுகிறது. ஒரு படப்புள்ளியில் சராசரியாக 10,000 ஒளித்துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது நூற்றில் ஒரு பங்கு. 100 துகள்கள் மட்டும் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்தில் ஒரு பங்கு. கண்ணை உறுத்துவது இந்தப் பத்தில் ஒரு பங்குதான். ஐ.எஸ்.ஓ.வை உயர்த்துவது சேர்ந்த ஒளியைப் பெருக்கிக் காட்டுகிறதே தவிர, ஒளியைக் குறைப்பதில்லை. ஆகவே 1600-இல் இருட்டாக எடுத்துக் கணினியில் நான்கு மடங்கு வெளிச்சமாக்கிய படம், 6400-இல் நேராக எடுத்த படத்தைவிட ஒருபோதும் சுத்தமாக இருக்காது. பல கேமராக்களில், கருவியின் சொந்த மின் இரைச்சலும் சேர்ந்து பெருகுவதால், அதைவிட மோசமாகவே இருக்கும்.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஊர் மைதானத்தில் ஆட்டக்காரர்மீது 200 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், லென்ஸின் துளை எஃப் 2.8 (எண் சிறிதானால் துளை பெரிது), ஷட்டர் 1/640 என்ற நிலையில் ஐ.எஸ்.ஓ. 6400 தேவைப்படும். உங்கள் லென்ஸ் 250 மி.மீ.யில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. அது உள்ளே விடுவது எஃப் 2.8 விடும் ஒளியில் கால் பங்கு. உங்கள் ஐ.எஸ்.ஓ. 1600-க்கு, 1/250 வேகத்திலும் தேவையான ஒளியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக 1500 லக்ஸ் அளவில் விளக்கிட்ட அரங்கில், எஃப் 2.8 லென்ஸ் வைத்திருப்பவருக்கு ஐ.எஸ்.ஓ. 1600 போதும். அங்கே பொருந்தும் எண்ணை நம் ஊர் மைதானத்துக்குக் கொண்டுவர முடியாது.

2019-இல் இந்தியப் பெருங்கடல் தீவுகளின் விளையாட்டுப் போட்டிகள் நம் மொரிஷியஸில் நடந்தபோது பத்திரிகையாளர்கள் தூக்கித் திரிந்த பெரிய லென்ஸுகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு செலவு வேண்டாம். பழைய 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கினால், எஃப் 5.6-ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி கிடைக்கும். 1/640 வேகத்திலும் ஐ.எஸ்.ஓ. 3200-க்குள் வேலை முடிந்துவிடும். தூரத்தை எட்ட முடியாதே என்பீர்கள். கோல் கம்பத்துக்குச் சற்றுத் தள்ளி, எல்லைக்கோட்டுக்குப் பின்னால் உட்காருங்கள். பெனால்ட்டிப் பகுதியின் ஆழம் 16.5 மீட்டர்தான், அதற்குள் நடப்பதெல்லாம் உங்கள் கைக்கு எட்டும், ஆட்டக்காரர்களின் முகமும் உங்களை நோக்கியே வரும். எட்டத்திலிருந்து எடுத்துப் பிறகு வெட்டிப் பெரிதாக்கினால் புள்ளிகளும் சேர்ந்து பெரிதாகும் என்பதை மறக்க வேண்டாம்.

கேமராவை முழுக்கக் கைவசமுள்ள ‘எம்’ நிலையில் வையுங்கள். கறுத்த வானமும் சட்டத்துக்குள் எட்டிப்பார்க்கும் விளக்குகளும் தானியங்கி அளவீட்டை ஒவ்வொரு படத்திலும் ஏமாற்றும். விளக்கு வெளுத்துப் போனால் போகட்டும். மகனின் முகம் சரியாகத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். உதைக்கும் காலை நிறுத்திக் காட்ட 1/1000 வேண்டும். தலையால் முட்டுவதற்காக எழும்பியவர் உச்சியில் ஒரு கணம் நிற்பார். அந்தக் கணத்துக்கு 1/320-கூடப் போதும்.

கியூர்பிப் பக்கம் ஒரு மைதானத்தில், கோல் காப்பாளர் பாய்ந்த காட்சியை நானும் இதே பயத்தால் 1600-இல், 1/125-இல் எடுத்தேன். கையுறை இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு இழுத்ததுபோல ஒரு தீற்றல் மட்டும் மிஞ்சியது. அடுத்த வாரம் 8000-இல், 1/640-இல் எடுத்த படத்தில் புள்ளிகள் நிறையத்தான் இருந்தன. ஆனால் கையுறையின் தையலும், பந்திலிருந்து தெறித்த சேற்றுத்துளிகளும் தெரிந்தன. 13×18 செ.மீ. அளவில் அச்சிட்டபோது புள்ளிகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. புள்ளியைக் குறைக்க வழி உண்டு. அசைவால் கலைந்த படத்தைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை.

கேள்வி: தொடர்ச்சியாக எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது மங்கிப் பழுப்பேறியும் வருகிறது. சிலவற்றில் மேல்பாதி ஒரு நிறம், கீழ்ப்பாதி வேறு நிறம். கேமரா பழுதா?
— வாசகர், ரோஸ் ஹில்

பதில்: பழுது இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மைதானங்களில் பரவலாக உள்ள மெட்டல் ஹேலைடு விளக்குகள் அதனால் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. ஒரு சுற்றுக்கு 1/100 வினாடி. நீங்கள் 1/1000-இல் எடுக்கும்போது அந்தச் சுற்றின் பத்தில் ஒரு துண்டு மட்டுமே பதிவாகிறது. அது உச்சியா பள்ளமா என்பது தற்செயல். ஒளியோடு நிறமும் மாறும். ஷட்டரின் இரு திரைகளுக்கு இடைப்பட்ட கீற்று சட்டத்தைக் கடந்து செல்ல நேரம் பிடிப்பதால், மேலும் கீழும் வெவ்வேறு கணங்களைப் பெறுகின்றன. எலெக்ட்ரானிக் ஷட்டரில் இது பட்டை பட்டையாகவே விழக்கூடும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள்.

மெனுவில் ‘ஆன்ட்டி ஃப்ளிக்கர்’ இருக்கிறதா என்று பாருங்கள். 2014-இல் வந்த கேனான் 7டி மார்க் 2-இல் இவ்வசதி இருந்தது. இப்போது பல கேமராக்களில் உண்டு. விளக்கு உச்சிக்கு வரும் கணத்துக்காகக் காத்திருந்து ஷட்டரைத் திறப்பதால், நிறம் நிலையாவதோடு கூடுதல் ஒளியும் கிடைக்கும். தொடர்படங்களின் வேகம் சற்றே குறையும். அவ்வசதி இல்லையென்றால், ஒரே காட்சியை ஐந்தாறு படங்களாக எடுத்து நல்லதைத் தேர்ந்துகொள்வதே வழி.

கேள்வி: மென்பொருளில் புள்ளிகளை நீக்கினால் முகம் மெழுகுப் பொம்மைபோல் ஆகிவிடுகிறதே?
— வாசகர், போர்ட் லூயிஸ்

பதில்: நிறப்புள்ளி நீக்கம், ஒளிப்புள்ளி நீக்கம் என்ற இரண்டு அளவுகளையும் ஒரே கையோடு உயர்த்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. நிறப்புள்ளிகளைத் தாராளமாக நீக்கலாம். கண்ணுக்கு இழப்பு தெரியாது. ஒளிப்புள்ளிகளைப் பாதியளவே குறையுங்கள். தோலின் இழையும் சட்டையின் நெசவும் அவற்றோடு கலந்திருக்கின்றன. ஜேபெக் கோப்பில் கேமராவே ஏற்கெனவே ஒருமுறை வழித்துவிட்டிருக்கும், ஆகவே கேமரா திருத்தாத ரா கோப்பாக எடுங்கள். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் 2023-இல் சேர்ந்த ‘டினாய்ஸ்’ வசதி ரா கோப்புகளில் நன்றாகவே வேலை செய்கிறது. பணம் செலவழிக்க விரும்பாதவர்களுக்கு டார்க்டேபிள் இலவசமாகக் கிடைக்கிறது; அதில் கேமரா மாதிரிக்கும் ஐ.எஸ்.ஓ.வுக்கும் ஏற்றபடி அளந்து வைத்த புள்ளி நீக்கம் உண்டு. திருத்தும்போது முதலில் கண்ணிமையைப் பெரிதாக்கிப் பாருங்கள். மயிர்கள் தனித்தனியாகத் தெரியும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.