கையெழுத்து ஓடும்போதே: உயில், வங்கி, பராமரிப்பு பற்றி பெங்களூரு வாசகர்கள் கேட்டவை

சொத்து பற்றிய பதில்கள் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பங்களுக்கானவை. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சில விதிகள் மாறும்.

எனக்கு 76 வயது. பசவனகுடியில் சொந்த ஃபிளாட், கும்பகோணத்தில் பூர்வீக வீட்டில் ஒரு பங்கு. உயிலைத் தமிழில் எழுத ஆசை. பெங்களூரில் பதிவு செய்வார்களா? ஸ்டாம்ப் பேப்பர் வேண்டுமா?

தமிழிலேயே எழுதுங்கள். வெள்ளைத் தாள் போதும், ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை. பதிவு செய்வதென்றால், சப்-ரிஜிஸ்ட்ராருக்குத் தமிழ் தெரியாத பட்சத்தில், பதிவுச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி இங்கே புழங்கும் மொழியில் ஒரு மொழிபெயர்ப்பும், மூலத்தின் நகல் ஒன்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் சர்வே எண், கதவு எண், பரப்பளவு மூலத்தோடு அச்சு மாறாமல் இருக்கிறதா என்று இரண்டு பேர் ஒப்பிட்டுப் பாருங்கள். நடக்க முடியாதவர் என்றால் 31ஆவது பிரிவில் காரணத்தை எழுதிக் கொடுத்து அதிகாரியை வீட்டுக்கே வரவழைக்கலாம்.

பதிவைவிடச் சாட்சி முக்கியம். குறைந்தது இரண்டு பேர். நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், உங்கள் கண்ணெதிரே அவர்கள் கையெழுத்திட வேண்டும். நாளைக்கு யாராவது எதிர்த்தால், சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் ஏறிச் சொன்னால்தான் உயில் நிற்கும். அதனால் வாக்கிங் போகும் 80 வயது நண்பர்களைக் கூப்பிடாதீர்கள். உங்களைவிட இருபது வயதாவது இளையவர், ஊரிலேயே இருப்பவர், உயிலில் ஒரு பைசாவும் கிடைக்காதவர் சரியான ஆள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து; அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்தில் நீங்களும் சாட்சிகளும் மறுபடி.

நம்மவர்களின் உயில்கள் அதிகம் மாட்டுவது இனிஷியலில். பத்திரத்தில் ‘ஆர். சுப்பிரமணியன்’, ஆதாரில் ‘சுப்பிரமணியன் ராமசாமி’, வங்கியில் ‘சுப்பிரமணியம்’ என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆள்தான் என்பதை உயிலின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். பிள்ளைகளின் பெயர்களுக்கும் அப்படியே. இரண்டு ஊர்ச் சொத்துக்கும் ஒரே உயில் போதும். கும்பகோணத்து வீட்டில் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும், முழு வீட்டை அல்ல.

கணவரின் டெபாசிட்களில் மூத்த மகன்தான் நாமினி. இளையவளுக்கு ஒன்றும் கிடையாதா?

கிடைக்கும். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளும் கை, அவ்வளவே. உயில் இருந்தால் உயில்படி. இல்லையென்றால் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் கணவரின் தாயார், எல்லோருக்கும் சம பங்கு. காப்பீட்டுக்கு 1984இலும் பங்குகளுக்கு 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஆனால் 2015 திருத்தத்துக்குப் பிறகு ஆயுள் காப்பீட்டில் மட்டும் ஒரு விலக்கு: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அந்தத் தொகை அவர்களுக்கே சொந்தம். உயிலில் பெறுபவரும் நாமினியும் ஒரே ஆளாக இருந்துவிட்டால் அண்ணன் தங்கைக்குள் முகம் சுளிக்கும் வேலை மிச்சம்.

கோரமங்களாவில் அப்பா, 79. மறதி நோய் தொடங்கிவிட்டது என்கிறார் நியூராலஜிஸ்ட். பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிவிட்டால் போதுமா?

போதாது. இந்தக் காகிதத்தை நம்பித்தான் பல வீடுகள் கடைசியில் தவிக்கின்றன. ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவுப்படி, பவர் கொடுத்தவரின் புத்தி நிலை தவறினால் பவரும் அன்றோடு முடிந்தது. ‘நினைவு போன பிறகும் செல்லும்’ என்று ஒரு வரி சேர்த்து டைப் அடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வரிக்கு இங்கே மதிப்பில்லை.

ஆரம்ப நிலை என்பதால் உங்கள் கையில் நேரம் இருக்கிறது. நோயின் பெயர் வந்த அன்றே சட்டத் தகுதி போய்விடுவதில்லை. தெளிவாக இருக்கும் வேளையில் எழுதிய உயில் செல்லும். மருத்துவர் பார்த்த அதே நாளில், ‘தன் சொத்து எது, பிள்ளைகள் யார் என்று தெரிந்து பேசுகிறார்’ என்ற சான்றோடு கையெழுத்து வாங்குங்கள். பெரும்பாலும் காலை வேளை நல்லது. மாலையில் குழப்பம் கூடும்.

அடுத்தது வங்கி. அப்பாவின் கணக்கில் அம்மாவையோ உங்களையோ ‘ஐதர் ஆர் சர்வைவர்’ (இருவரில் யாராவது, அல்லது உயிரோடு இருப்பவர்) என்று சேருங்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சேமிப்புக் கணக்கில் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், முதிர்ந்த டெபாசிட்டையும் ஒருவரே வாங்கலாம். ஆனால் முதிர்வுக்கு முன் உடைக்க வேண்டுமென்றால், இருவரும் உயிரோடு இருக்கும்வரை இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவு முதிர்வுத் தேதிக்குக் காத்திருக்காது. ஐந்து வருட டெபாசிட்டாக மொத்தப் பணத்தையும் போடாமல், மூன்று மாதத்துக்கு ஒன்று முதிர்வது மாதிரி பிரித்துப் போடுங்கள்.

கை நடுங்கிக் கையெழுத்து மாறுகிறது என்பது வேறு விஷயம். அதற்கு வழி உண்டு: காசோலையிலோ படிவத்திலோ பெருவிரல் ரேகை, அதை அடையாளம் காட்ட வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரி. படுக்கையில் இருப்பவருக்கு அதிகாரி வீட்டுக்கு வந்து, நோயாளி தலையசைப்பதைப் பார்த்து, மை தடவி ரேகை எடுத்துப் போவார். கை முடியாதவருக்கான ஏற்பாடு இது. நினைவு முடியாதவருக்கு அல்ல.

எல்லாம் கைமீறிப் போய்விட்டால் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவில் ரிட் மனு போட்டுப் பாதுகாவலராக நியமனம் கேட்க வேண்டும். நியூராலஜிஸ்ட் சான்று, சொத்துப் பட்டியல், மற்ற வாரிசுகளின் சம்மதப் பிரமாணம் எல்லாம் தயாராக இருக்கட்டும். பாதுகாவலர் நியமனத்துக்கு இடம் தரும் 1999ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கு மட்டும். டிமென்ஷியா எனும் மறதி நோய்க்கு அந்தக் கதவு திறக்காது.

ஜே.பி. நகர் வீட்டை இப்போதே மகன் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதச் சொல்கிறான். கடைசி வரை பார்த்துக்கொள்வேன் என்கிறான்.

பார்த்துக்கொள்ளட்டும், வீடு உயிலிலேயே இருக்கட்டும் என்பது எங்கள் கருத்து. உயிலை நாளைக்கு மாற்றலாம், பதிவான தானத்தை மாற்ற முடியாது. காத்தாவும் (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) அவன் பெயருக்குப் போய்விட்டால் விற்கவும் அடமானம் வைக்கவும் உங்களைக் கேட்க வேண்டியதில்லை.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு ஷரத்துகள் பத்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒன்று, நீங்களும் மனைவியும் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமை. இன்னொன்று, உணவு, மருத்துவம், பராமரிப்பு தர வேண்டும் என்ற நிபந்தனை. இரண்டாவது இருந்தால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவில் உதவி ஆணையரின் தீர்ப்பாயத்துக்குப் போய்ப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனையே இல்லாத பத்திரத்துக்கு இந்தப் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரியில் கொஞ்சம் தாராளமாகப் பார்த்த தீர்ப்பும் வந்தது, அதை நம்பிக் கையெழுத்திடாதீர்கள். வாய்ப்பேச்சைப் பத்திரத்தில் எழுத மகன் தயங்கினால், அதுவே உங்களுக்குப் பதில்.

கணவர் இல்லை, குழந்தைகளும் இல்லை. என் சம்பாத்தியத்தில் வாங்கிய ஃபிளாட் எனக்குப் பிறகு அக்கா மகளுக்குத்தானே போகும்?

உயில் எழுதாவிட்டால் போகாது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவில், பிள்ளைகளும் கணவரும் இல்லாத பெண்ணின் சுயசம்பாத்தியம் முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் தந்தைக்கே அதன் பிறகுதான். பிறந்த வீட்டிலிருந்து வந்த சொத்து மட்டும் அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். கல்யாணமான மூன்றே மாதத்தில் விதவையாகி, புகுந்த வீட்டாரால் விரட்டப்பட்டு, சொந்தக் காலில் நின்று சம்பாதித்த ஒரு பெண்ணின் பணம் அந்தப் புகுந்த வீட்டுக்கே போனது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. இந்த வாரமே எழுதுங்கள், அம்மா.

வென்டிலேட்டரில் போட்டு இழுத்தடிக்க வேண்டாம் என்று முன்கூட்டி எழுதி வைக்க முடியுமா?

முடியும். உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்து 2023 ஜனவரியில் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, பிறகு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும்; மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டாம். உங்களுக்காகப் பேச ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் குறிப்பிடலாம். வெளிநாட்டு மகனை மட்டும் எழுதாதீர்கள், ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வரக்கூடியவர் பெயரும் இருக்கட்டும். நேரம் வரும்போது மருத்துவமனையின் முதல் குழு, அடுத்து இரண்டாம் குழு, இரண்டும் கூடிய மட்டும் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். கர்நாடக சுகாதாரத் துறை இதற்கான சுற்றறிக்கையை 2025 ஜனவரியில் வெளியிட்டது. சிகிச்சையை நிறுத்துவதுதான் இது, ஊசி போட்டு உயிர் எடுப்பதல்ல. முற்றிய புற்றுநோய் என்றால் மாரத்தஹள்ளி கருணாஶ்ரயாவில் வலி நிவாரணப் பராமரிப்பு இலவசம்.

அம்மா படுத்த படுக்கை. ஏஜென்சியிலிருந்து ஆள் வைக்கும்போது எதைக் கவனிக்க?

நர்ஸா, அட்டெண்டரா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். யூரின் டியூப், மூக்கு வழி உணவு, சளி உறிஞ்சுவது என்றால் நர்ஸ். குளிப்பாட்ட, டயப்பர் மாற்ற, இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க அட்டெண்டர் போதும். புரட்டியதை நேரத்தோடு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். படுக்கைப்புண் வருவது ராத்திரியில்தான். குழாயில் உணவு கொடுக்கும்போதும் அடுத்த அரைமணியும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். வருபவருக்குத் தமிழோ கன்னடமோ படிக்கத் தெரியாமல் இருக்கலாம், அதனால் மருந்து அட்டையில் மாத்திரை ஸ்ட்ரிப்பின் படத்தையே ஒட்டுங்கள். லீவு நாளுக்கு மாற்று ஆள், அட்வான்ஸ் திரும்பும் நிபந்தனை, போலீஸ் சரிபார்ப்பு மூன்றும் எழுத்தில் வேண்டும். தொந்தரவு என்றால் முதியோர் உதவி எண் 1090, நாடு முழுதும் 14567.

லாக்கருக்கும் நான்கு நாமினி போடலாமா?

2025 நவம்பர் 1 முதல் போடலாம். டெபாசிட் என்றால் சதவீதம் பிரித்து ஒரே நேரத்தில் நான்கு பேருக்கும் எழுதலாம். லாக்கரில் வரிசையாக மட்டும்தான்: முதல் ஆள் இல்லையென்றால் அடுத்தவர்.