பால் 85 பாகையா, சென்சர் 85 பாகையா?

வாசகர் கேள்விகள்: மின்னணுப் பகுதி

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலைச் சென்சர். மூன்று கால் உள்ள சின்னக் கறுப்புத் துண்டாகவும் கிடைக்கும், துருப்பிடிக்காத உருக்குக் குழாய்க்குள் அடைத்து வயரோடும் கிடைக்கும். அரசடியில் உள்ள என் திருத்தகத்துக்கும் இதைத்தான் அதிகம் கொண்டுவருகிறார்கள். விலை குறைவு, இணைப்பது சுலபம். ஆனால் அதன் உள்ளமைப்பை, அதாவது எத்தனை பிட் நுணுக்கத்தில் அளக்கவேண்டும் என்ற அமைப்பை, சரியாக எழுதாமல் திரையில் வரும் எண்ணை மட்டும் நம்புவது பெரிய பிழை. தெரிவுசெய்த மூன்று கேள்விகளுக்கு விரிவாகவும் ஒன்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் எருமைப் பால் காய்ச்சித் தயிர் போட்டு விற்கிறோம். பால் ஆறி உறை ஊற்றும் பதத்துக்கு வந்ததும் மணி அடிக்க ஆர்டுயினோ உனோவில் டிஎஸ்18பி20 பூட்டியிருக்கிறேன். 10 பிட் என்று எழுதி, 200 மில்லி செக்கன் காத்திருந்து படிக்கிறேன். நல்லாத்தான் வேலை செய்கிறது, ஆனால் இடைக்கிடை 85 என்று காட்டுகிறது. சில நாள் 85இலேயே நின்றுவிடுகிறது. 85 வந்தால் விட்டுவிடு என்று எழுதலாம் என்றால், காய்ச்சிய பால் ஆறும்போது உண்மையிலேயே 85ஐத் தாண்டித்தானே வருகிறது?
— கொக்கட்டிச்சோலை வாசகர்

பதில்: தம்பி, கடைசி வரியில் நீங்கள் கேட்டதுதான் இந்தச் சென்சரைப் பற்றிக் கேட்கவேண்டிய சரியான கேள்வி. 85ஐக் கண்டால் தூக்கி எறி என்றுதான் பலரும் சொல்வார்கள். அறையின் சூட்டை அளப்பவருக்கு அது போதும். பால் காய்ச்சுபவருக்குப் போதாது.

85 எங்கிருந்து வருகிறது? சென்சருக்குள் ஸ்கிராட்ச்பேட் என்ற ஒன்பது பைட் இடம் இருக்கிறது. முதல் இரண்டு பைட்டில் வெப்பநிலை, அடுத்த இரண்டில் எச்சரிக்கைக்கான மேல் எல்லையும் கீழ் எல்லையும், ஐந்தாவதில் உள்ளமைப்பு, ஒன்பதாவதில் சரிபார்ப்பு எண். மின்சாரம் கிடைத்தவுடன் வெப்பநிலை இடத்தில் 85 என்ற மதிப்பு தானாக வந்து உட்காரும். தயாரிப்பாளர் அப்படித்தான் வைத்திருக்கிறார். முதல் அளவீடு முடியும்வரை அது மாறாது. ஆகவே நீங்கள் காணும் 85க்கு அர்த்தம், சென்சர் இடையில் மின்சாரம் இழந்து மீண்டும் எழுந்திருக்கிறது, அதன் பிறகு ஓர் அளவீடும் முடியவில்லை என்பதுதான்.

சில நாள் 85இலேயே நிற்பதன் காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இந்தச் சென்சருக்கு நான்கு நுணுக்க நிலைகள் உண்டு. 9 பிட்டில் அரைப் பாகைப் படி, 10இல் கால் பாகை, 11இல் 0.125, 12இல் 0.0625. நுணுக்கம் ஒரு பிட் கூடினால் அளக்கும் நேரம் இரட்டிக்கும். 9 பிட்டுக்கு அதிகபட்சம் 93.75 மில்லி செக்கன், 10க்கு 187.5, 11க்கு 375, 12க்கு 750. நீங்கள் 10 பிட் எழுதி 200 காத்திருந்தது கணக்குப்படி சரி. ஆனால் அந்த 10 பிட்டை ஸ்கிராட்ச்பேட்டில் மட்டும் எழுதியிருந்தால், மின்சாரம் ஒரு கணம் தளர்ந்தாலே அது அழிந்துவிடும். சென்சர் எழும்போது தன் நிரந்தர நினைவகமான ஈஈப்ரொம்மில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். அங்கே தொழிற்சாலையில் வைத்த 12 பிட் இருக்கும். அதற்கு 750 மில்லி செக்கன் வேண்டும், நீங்கள் 200இலேயே படித்துவிடுகிறீர்கள். அளவீடு முடியாததால் பழைய 85 அப்படியே வருகிறது.

இனிச் செய்யவேண்டியது. உள்ளமைப்பு பைட்டில், பூச்சியத்திலிருந்து எண்ணினால், ஐந்தாவது, ஆறாவது பிட்கள் மட்டும்தான் நம்முடையவை. பதினறும எண்ணில் எழுதினால் 9 பிட்டுக்கு 1எஃப், 10க்கு 3எஃப், 11க்கு 5எஃப், 12க்கு 7எஃப். இனி வரும் கட்டளை எண்களும் பதினறும எண்கள்தான். எழுதும் ஒழுங்கு இப்படி: முதலில் பஸ்ஸை, அதாவது தரவு வயரை, ரீசெட் செய்யுங்கள், பிறகு ஒரே சென்சர் என்றால் முகவரி சொல்லாமல் பேசும் சிசி கட்டளை, அதன்பின் எழுதச் சொல்லும் 4ஈ, அதைத் தொடர்ந்து மேல் எல்லை, கீழ் எல்லை, உள்ளமைப்பு என்று மூன்று பைட்டும். உள்ளமைப்பு மட்டும் போதும் என்று ஒரு பைட்டை அனுப்பினால் அது மேல் எல்லை இடத்தில் போய் உட்காரும். இதை நான் பல புரோகிராம்களில் கண்டிருக்கிறேன். எழுதிய கையோடு பிஈ கட்டளையால் ஒன்பது பைட்டையும் மீளப் படித்து, 3எஃப் அங்கே இருக்கிறதா, சரிபார்ப்பு எண் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் 48 கட்டளை கொடுங்கள். அப்போதுதான் அது ஈஈப்ரொம்மில் பதியும். அதற்கு 10 மில்லி செக்கன் வரை ஆகும், அந்த நேரத்தில் மின்சாரத்தில் கை வைக்க வேண்டாம்.

48ஐ ஒருபோதும் லூப்புக்குள் போடாதீர்கள். ஈஈப்ரொம்முக்குத் தயாரிப்பாளர் உறுதி சொல்வது 50,000 முறை எழுதுவதற்குத்தான். செக்கனுக்கு ஒருதரம் எழுதினால் பதினான்கு மணிநேரம் முடியமுன் அந்த எண்ணிக்கை போய்விடும். ஒருமுறை பதிந்தால் போதும். பிறகு ஒவ்வொரு முறை புரோகிராம் தொடங்கும்போதும் அது மாறவில்லையா என்று படித்துப் பார்த்தால் சரி.

இப்போது உண்மையான 85ஐயும் பொய்யான 85ஐயும் பிரிக்கும் வேலை. எச்சரிக்கை எல்லைகள் இரண்டையும் நீங்கள் பாவிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஈஈப்ரொம்மில் 20, 10 என்று பதிந்து வையுங்கள். புரோகிராம் தொடங்கும்போது ஸ்கிராட்ச்பேட்டில் மட்டும் 33, 22 என்று எழுதுங்கள், 48 கொடுக்க வேண்டாம். உள்ளமைப்பு அதே 3எஃப்தான். ஒவ்வொரு முறை வெப்பநிலை படிக்கும்போதும் இந்த இரண்டு பைட்டையும் பாருங்கள். 33, 22 இருந்தால் சென்சர் இடையில் மின்சாரம் இழந்து விழவில்லை, வருகிற 85 பாலின் சூடு. 20, 10 என்று மாறியிருந்தால் சென்சர் விழுந்து எழுந்திருக்கிறது, அந்த அளவீட்டை விட்டுவிட்டு எல்லைகளை மறுபடி எழுதி மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். சென்சருக்கு ஏற்கெனவே உள்ள இடத்தையே பாவிக்கிறோம், மேலதிகச் செலவு ஒன்றுமில்லை.

இதோடு, சென்சர் ஏன் விழுகிறது என்றும் தேடுங்கள். தண்ணீர் மோட்டர் போடும் நேரத்தில் 85 வருகிறதா என்று கவனித்துப் பாருங்கள். சென்சரின் பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே, அதன் கால்களுக்குக் கிட்டவே, 0.1 மைக்ரோ ஃபரட் கொள்ளளவி ஒன்று வையுங்கள். தரவு வயரிலிருந்தே மின்சாரம் எடுத்து இரண்டே வயரில் ஓட்டும் முறையை விட்டு மூன்று வயரும் கொடுங்கள். மூன்று வயர் கொடுத்தால் இன்னொரு வசதியும் உண்டு: அளக்கச் சொல்லும் 44 கட்டளை கொடுத்தபின் பிட் பிட்டாகப் படித்துக்கொண்டே இருக்கலாம். அளந்துகொண்டிருக்கும்வரை 0 வரும், முடிந்ததும் 1 வரும். எத்தனை மில்லி செக்கன் என்ற கணக்கே தேவையில்லை.

நுணுக்கத்தைப் பொறுத்தவரை உங்கள் 10 பிட் நல்ல தெரிவு. பொதுவாக உறை ஊற்றும் சூடு 40க்கும் 45க்கும் இடையில். இந்தச் சென்சரின் துல்லியமே −10இலிருந்து 85 வரை கூட்டியோ குறைத்தோ அரைப் பாகைதான். 12 பிட் போட்டு 42.5625 என்று திரையில் காட்டுவதால் பாலைப் பற்றிக் கூடுதலாக ஒன்றும் தெரிந்துவிடாது. இன்னும் ஒன்று, சிப் 125 பாகை வரை தாங்கும், ஆனால் மலிவான வயரின் பிளாஸ்டிக் உறை அவ்வளவு தாங்காது. கொதிக்கும் பாலுக்குள் வயர் முங்க விடாதீர்கள். சாப்பிடும் பொருள் அல்லவா, உருக்குக் குழாயையும் ஒவ்வொரு முறையும் சுடுநீரில் கழுவித்தான் இறக்கவேண்டும்.

கேள்வி: மீன் ஐஸ் பெட்டிக்குள் இந்தச் சென்சரை வைத்தேன். உனோவில் −1 வரை சரியாகக் காட்டியது. அதே புரோகிராமை ஈஎஸ்பி32 போட்டுக்கு மாற்றினேன், பூச்சியத்துக்குக் கீழே போனதும் 4095 என்று காட்டுகிறது. சில நேரம் −127. போட் பழுதா?
— வாழைச்சேனை வாசகர்

பதில்: போட் நல்லாத்தான் இருக்கிறது. சென்சர் தருவது 16 பிட் எண், அதைப் பதினாறால் வகுத்தால் பாகை. 680 வந்தால் 42.5. பூச்சியத்துக்குக் கீழே போனால், குறை எண்களைக் குறிக்கும் இரண்டின் நிரப்பி முறையில் தரும். −1 பாகைக்கு −16 வரவேண்டும், அது குறியில்லாத எண்ணாகப் பார்த்தால் 65520. அதைப் பதினாறால் வகுத்துப் பாருங்கள், 4095 வரும். நீங்கள் கண்ட எண் இதுதான்.

உனோவில் ஏன் சரியாக இருந்தது என்றால், அங்கே இன்ட் என்ற முழு எண் மாறி 16 பிட். மேல் பைட்டை எட்டு இடம் தள்ளிக் கீழ் பைட்டோடு சேர்த்தவுடன் தானாகவே குறை எண் ஆகிவிடும். ஈஎஸ்பி32இல் இன்ட் 32 பிட், 65520க்கு அங்கே தாராளமாக இடம் இருக்கிறது, அது குறை எண் ஆகாது. அந்த மாறியை இன்ட்16_டி என்று அறிவியுங்கள், இரண்டு போட்டிலும் சரியாக வரும்.

−127 என்பது சென்சர் சொன்னதல்ல. சென்சரிடமிருந்து ஒழுங்கான பதில் வராதபோது, அதைப் படிக்கப் புரோகிராமில் சேர்க்கும் லைப்ரரி தரும் எண். சென்சர் அளக்கும் கீழ் எல்லையே −55 தானே. தரவு வயருக்கும் பிளஸுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈஎஸ்பி32இல் அந்த ரெசிஸ்டரை 3.3 வோல்டுக்கு இழுக்கவேண்டும், 5 வோல்டுக்கு அல்ல. துறைமுகப் பக்கம் என்றால் உப்புக் காற்றும் மீன் தண்ணீரும் சேர்ந்து இணைப்புகளைத் தின்றுவிடும். செருகி இணைப்பை வெட்டிவிட்டு ஈயம் பற்றவைத்து, மேலே பசையுள்ள சுருங்கும் குழாய் போடுங்கள்.

கேள்வி: கோழிக்குஞ்சு பொரிக்க இன்கியூபேட்டர் செய்திருக்கிறேன். உள்ளே இரண்டு சென்சர். ஒன்று 37.4 காட்டினால் மற்றது 37.9. எதை நம்புவது? சில வேளை இரண்டுமே கண்டபடி காட்டுகின்றன.
— அக்கரைப்பற்று வாசகி

பதில்: தங்கச்சி, கண்டபடி காட்டுவதை முதலில் பார்ப்போம். இரண்டு சென்சரும் ஒரே வயரில் இருக்கும்போது சிசி கட்டளைக்குப் பின் படித்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும், வருகிற பிட்கள் கலந்துபோகும். அளக்கச் சொல்லும் 44க்கு மட்டும் சிசி பாவியுங்கள், அது நல்லது, இரண்டும் ஒன்றாக அளந்துவிடும். படிக்கும்போது 55 கட்டளையும் அந்தச் சென்சரின் 64 பிட் முகவரியும் கொடுத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முகவரி பதினறும எண்ணில் 28 என்று தொடங்கும், ஒவ்வொரு சென்சருக்கும் வேறு. ஒன்றை மட்டும் பூட்டி முகவரியை எடுத்து, அதன் வயரில் சிவப்பு நெயில் பொலிஷ் பூசுங்கள். மற்றதற்கு வேறு நிறம். உள்ளமைப்பையும் இரண்டுக்கும் தனித்தனியாக எழுதி மீளப் படியுங்கள்.

அரைப் பாகை வித்தியாசம் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான். ஆனால் முட்டைக்கு அரைப் பாகை சின்ன விடயமல்ல. காற்றாடி உள்ள பெட்டியில் 37.5ஐ ஒட்டியே இருபத்தொரு நாளும் நிற்கவேண்டும். ஆகவே இரண்டையும் திருத்திக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கும் நல்ல தேமாமீட்டர் வீட்டில் இருக்கும். அது 37 பாகைப் பக்கத்தில் இந்தச் சென்சரை விடத் துல்லியமானது, உங்களுக்கு வேண்டிய இடமும் அதுதான். ஒரு பெரிய பாத்திரத்தில் 38 பாகை அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, கலக்கிக்கொண்டே எண் நிலைக்கும்வரை பாருங்கள். சென்சர் தேமாமீட்டரிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதைப் புரோகிராமில் அந்தந்த முகவரிக்கு எதிரே எழுதிவையுங்கள். இங்கே மட்டும் 12 பிட் போடுங்கள். திருத்தம் செய்தபின் நுணுக்கத்துக்கு அர்த்தம் இருக்கிறது, 750 மில்லி செக்கனால் முட்டைக்கு ஒரு குறையும் வராது.

திருத்தியபிறகும் பெட்டிக்குள் வித்தியாசம் இருந்தால் அது சென்சரின் பிழையல்ல, பெட்டியின் இரண்டு மூலையும் உண்மையிலேயே வேறு சூட்டில் இருக்கின்றன. காற்றாடியின் இடத்தை மாற்றிப் பாருங்கள். சென்சர் முட்டைகளின் உயரத்தில் இருக்கட்டும், பல்புக்கு நேரே வேண்டாம்.

கேள்வி: மலிவாக வாங்கிய சென்சர் அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— பெரியகல்லாறு மாணவர்

பதில்: அசல் சென்சரை முதலில் செய்தது டல்லாஸ் செமிகண்டக்டர். 2001இல் அது மாக்சிமிடமும், 2021இல் மாக்சிம் அனலொக் டிவைசஸிடமும் போனது. அதே இலக்கத்தை மேலே அச்சடித்த போலிகள் சந்தையில் நிறைய உலாவுகின்றன. எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, வேலை வாங்கித்தான் பார்க்கவேண்டும். நான்கு நுணுக்க நிலையையும் ஒவ்வொன்றாக எழுதி மீளப் படியுங்கள், அளக்கும் நேரம் அதற்கேற்ப மாறுகிறதா என்று பாருங்கள். இரண்டு வயர் முறையில் ஓடுகிறதா என்றும் பாருங்கள், சில போலிகள் அதில் நின்றுவிடும். கடைசியாக நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த கோப்பையில் வையுங்கள். கலக்கிக் கலக்கிப் பார்த்தும் −0.5க்கும் 0.5க்கும் இடையில் நிற்கவில்லை என்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.